யார் குற்றம்?

விருத்தாசலம் யான் பிறந்து வளர்ந்த ஊர். திருமுதுகுன்றம், பழமலை என்னும் பழம் பெயர்களையுடைய அவ்வூரை மணிமுத்தாற்றங்கரைக் கோயிலால் அறிந்தவர் பலர். இருப்புப்பாதைச் சந்திப்பால் அறிந்தவர் பலர். யானோ அதனை மண்ணால் அறிந்தவன். ஊர்ப்புறத்தே பீங்கான் தொழிற்பேட்டை ஒன்று உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் பயிற்றும் அரசு நிறுவனமும் உண்டு. கார்த்திகை அகல், கொலுப் பொம்மை, ஊறுகாய்ச் சாடி, மின்சாரப் பெட்டியில் பொருத்தும் பீங்கான் கட்டை முதலியன அங்குள்ள சிறு தொழிற்கூடங்களிற் பிறந்து நாடெங்கும் செல்கின்றன. என் அன்னையார் அத்தகைய கூடமொன்றிற் பல ஆண்டுகள் கூலி வேலை செய்தவர்.

பொம்மை பிறக்கும் வகையைக் காணாத அன்பர்களுக்கு அதனைச் சிறிது கூறுதல் வேண்டும். களிமண்ணும், வெண்கல் தூளும், பெல்ட்ஸ்பார் என்னும் கல்லின் தூளும் நீரிற் கலந்து குழம்பாக்கப்படும். அக்குழம்பைச் சுண்ணச் சாந்தினாலாகிய அச்சில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்சும்; அதன் உட்புறத்தே மண் ஓர் ஏடாகப் படியும். மிகுந்த குழம்பைக் கவிழ்த்து வடித்துவிட்டுச் சிறிது நேரங்கழித்து அச்சைத் திறந்தால், உள்ளே கூடான பொம்மை ஒன்று நிற்கும். அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் ஒரு தடம் இருக்கும். அத்தடத்தைச் சிறு கத்தியாற் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குதல் பெரும்பாலும் பெண்களின் வேலை. பின்னர் உலர்த்தி, மெருகுக் கரைசலில் தோய்த்து, ஏறத்தாழ 1,200 பாகை வெப்பமுள்ள சூளையில் அடுக்குவர்.

என் அன்னையார் செய்தது சுரண்டும் வேலை. காலை முதல் மாலை வரை குனிந்தே இருத்தல் வேண்டும். கூலி நாட்கணக்கில் அன்று, பொம்மைக் கணக்கில். உலர்ந்த மண்ணைச் சுரண்டுங்கால் எழும் தூளில் சிலிக்கா என்னும் நுண்பொருள் கலந்திருக்கும். அது பல்லாண்டு நுரையீரலிற் படியின் நுரையீரல் தடித்து இறுகும். சிலிக்கோசிஸ் என்பது அந்நோயின் பெயர். பெண்கள் முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்வர். அந்நுண்தூளைத் தடுக்கும் வன்மை முந்தானைக்கு இல்லை என்பதனை யான் பின்னரே அறிந்தேன்.

என் இளவலுக்கு இப்பொழுது வயது பத்து. அவன் 2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பிறந்தவன். இரண்டு வயது முதல் அவனுக்கு இளைப்பு உண்டு. மார்கழிப் பனியில் அவனால் படுத்துறங்க இயலாது. இரண்டு தலையணைகளை முதுகுக்கு அணையாக வைத்து உட்காருவான். மூச்சு உள்ளே செல்லும்போது விலாவெலும்புகளின் இடைகள் குழியும். வெளியே வரும்போது மெல்லிய சீழ்க்கையொலி கேட்கும். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை ஒரு குப்பியின் வாயிலாக உறிஞ்சிச் சிறிது நேரஞ் சென்றபின் அவ்வொலி அடங்கும். அதுவரை அன்னையார் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். அவர் முகத்தில் துயரம் மட்டுமன்றி வேறொன்றும் உண்டென்பது எனக்கு நெடுநாள் தோன்றியதுண்டு. அஃது யாதென்று சென்ற டிசம்பர் விடுமுறையில் அறிந்தேன்.

2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டின் அதிபர், கருவுற்ற மகளிர் அசெட்டமினோபென் என்னும் மாத்திரையை உண்ணலாகாது என்று அறிவித்தார். நாம் பாரசிட்டமால் என்று வழங்குவது அம்மருந்தே. அவர் கூறியது குழந்தைகளின் ஆட்டிசம் என்னும் மனவளர்ச்சி வேறுபாட்டைப் பற்றியது. அதற்கு உறுதியான சான்று இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் உடனே மறுமொழி கூறிற்று. ஆயினும் எங்கள் தெருவுக்கு வந்தபோது மறுமொழி வழியிலேயே நின்றுவிட்டது. அறிவிப்பும், ‘வயிற்றுப் பிள்ளைக்காரி மாத்திரை தின்றால் பிள்ளைக்குக் கேடு’ என்று சுருங்கிவிட்டது.

இளவலுக்கு மூச்சு அடங்கி உறக்கம் வந்த ஓர் இரவில் அன்னையார் என்னை வெளியே அழைத்தார்.

“தம்பி, இவன் மூச்சைக் கெடுத்தவள் நான்தான்” என்றார்.

யான் திகைத்தேன்.

“இவனை வயிற்றில் வைத்துக்கொண்டு முதுகு வலிக்கு மாத்திரை தின்றேன். கார்த்திகை அகல் வேலை நடந்த நேரம். வேலைக்குப் போன நாளெல்லாம் ஒன்று தின்றேன். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை.”

“என்ன மாத்திரை, அம்மா?”

“வெள்ளை மாத்திரை. கடையில் கத்தரித்துக் கொடுப்பார்கள்.”

“பெயர்?”

“பெயரை யார் பார்த்தார்கள்? வலிக்கிறது என்றால் கொடுப்பார்கள்.”

பத்தாண்டுகள் அப்பாரத்தை அவர் தனியே சுமந்திருக்கிறார். ஆறுதலாக ஒரு சொல் கூறவேண்டுமென்று என் நெஞ்சு துடித்தது. ஆனால் உண்மை அறியாது கூறும் ஆறுதல் ஆறுதலாகுமா? ‘அப்படியொன்றும் இராது’ என்று கூறுதல் எளிது. கேட்பவர் அதனை நம்பார். நோய்க்குக் காரணம் யாதென்று ஆய்ந்த பின்னரே மருத்துவம் தொடங்குதல் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. ஆகலின் முதலில் ஆராய்வோம் என்று துணிந்தேன். தமிழ் பயிலும் யான் மருத்துவ நூல் அறியேன். கல்லூரி திரும்பியதும் விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவரும், அத்துறைப் பேராசிரியர் ஒருவரும் பல மாலைப் பொழுதுகளை எனக்காகச் செலவிட்டனர். அவர்கள் துணைகொண்டு அறிந்தவற்றை இங்கே சுருங்கக் கூறுகின்றேன்.

பாரசிட்டமால் புதிய மருந்தன்று. அமெரிக்காவில் மோர்ஸ் என்பார் 1878இல் அதனை ஆக்கினார். நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த அதன் பயனை 1948இல் பிராடி, ஆக்ஸல்ராட் என்னும் இருவர் விளக்கினர். 1950க்குப் பின்னர் அது கடைகளுக்கு வந்தது. ஆஸ்பிரின் சில குழந்தைகளுக்குக் கொடிய ‘ரை’ நோயுடன் தொடர்புடையதாகக் காணப்பட்டமையால், 1980க்குப் பிறகு மேனாட்டுத் தாய்மார் அதனைக் கைவிட்டுப் பாரசிட்டமாலைக் கைக்கொண்டனர். அக்காலத்திலேயே பல நாடுகளிற் குழந்தைகளின் இளைப்பு நோயும் பெருகிற்று. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்தமை ஆராய்ச்சியாளர் உள்ளத்தில் ஐயத்தை எழுப்பிற்று.

இளைப்பு எங்கெங்கு எவ்வளவு என்றறிய 1990க்குப் பின் உலகளாவிய ஆய்வொன்று நடைபெற்றது. 56 நாடுகளில் 155 இடங்களில் 13, 14 வயதுடைய 4,63,801 பிள்ளைகளை வினாவினர். அவ்விடங்களுள் எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள நெய்வேலியும் ஒன்று என்றறிந்தபோது வியந்தேன். இளைப்பு தொலைவிலுள்ள நாடுகளின் நோய் மட்டுமன்று. எங்கள் பக்கத்துக் குழந்தைகளின் மூச்சும் அவ்வுலகக் கணக்கில் ஏறியிருந்தது. அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 2008இல் வெளியான கட்டுரை, பிறந்த முதலாண்டிற் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் பெற்ற குழந்தைகளிடையே ஆறேழு வயதில் இளைப்பு மிகுந்திருந்தது என்றுரைத்தது.

கருவிலுள்ள குழந்தையைப் பற்றிய ஆய்வு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர்ப்புறத்தே நிகழ்ந்தது. 1991, 1992ஆம் ஆண்டுகளிற் கருவுற்றிருந்த ஆயிரக்கணக்கான தாய்மாரை அவர்தம் பிள்ளைகளோடு பல்லாண்டு பின்தொடர்ந்தனர். சைப் ஷாஹீன் முதலியோர் 2002இல் வெளியிட்ட முடிவு இது: கருவுற்ற 20ஆம் வாரத்திற்கும் 32ஆம் வாரத்திற்கும் இடையே நாள்தோறுமோ பெரும்பாலான நாட்களிலோ பாரசிட்டமால் உண்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு, மூன்று வயதளவில் மூச்சிரைப்பு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அங்ஙனம் உண்டவர் நூற்றுக்கு ஒருவரளவினரே. எப்பொழுதேனும் உண்டவரின் பிள்ளைகளிடத்தே அத்தொடர்பு காணப்படவில்லை.

இதனைப் படித்தபோது என் கை நடுங்கியது. ‘வேலைக்குப் போன நாளெல்லாம் ஒன்று’ என்ற சொல் காதில் ஒலித்தது. கார்த்திகைக்கும் பங்குனிக்கும் இடையை எண்ணிப் பார்த்தேன், வாரக்கணக்கும் ஒத்திருந்தது. எதனால் இங்ஙனம் ஆகலாம் என்பதற்கும் ஒரு கருத்து உண்டு. அம்மருந்து உடலிற் சிதையுங்கால் தோன்றும் நச்சுக்கூற்றை அடக்கக் குளுட்டதயோன் என்னும் பொருள் செலவாகிறது. நுரையீரலைக் காக்கும் பொருள்களுள் அதுவும் ஒன்று. காவற்பொருள் குறைந்தால் காக்கப்படுவதும் நலியலாம் என்பர். ஆயினும் இது கருத்தேயன்றி மெய்ப்பிக்கப்பட்ட முடிபன்று.

பேராசிரியர் என் முகத்தை நோக்கி, “இங்கே நிறுத்திவிட வேண்டா, மேலும் படியும்” என்றார்.

நார்வே நாட்டில் 2016இல் வெளியான ஆய்வு, தாய்மார் அம்மருந்தை வலிக்காக உண்டனரா, காய்ச்சலுக்காக உண்டனரா என்று பிரித்து நோக்கிற்று. எதற்காக உண்டிருப்பினும் ஒரு தொடர்பு தோன்றியது. ஆயினும் அது சிறிதளவே. 2019இல் சுவீடன் நாட்டிலிருந்து வேறோர் ஆய்வு வந்தது. அதனை நடத்தியவருள் முதல்வர், முன்னே பிரிஸ்டல் ஆய்வை வெளியிட்ட ஷாஹீனே. ஏறத்தாழ 5 இலட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்த அக்குழுவினர், மருத்துவர் சீட்டின்படி பாரசிட்டமால் பெற்ற தாய்மாரை மட்டுமன்றி, அபினியின் இனமாகிய வலிமருந்து பெற்றவரையும், ஒற்றைத் தலைவலிக்கு வேறு மருந்து பெற்றவரையும் நோக்கினர். அம்மூவகைத் தாய்மாரின் பிள்ளைகளிடத்தும் இளைப்பு மிகுந்தே காணப்பட்டது. மூன்றும் வெவ்வேறு மருந்துகள். உடலிற் செயற்படும் வகையும் வேறு. அவற்றை உண்டவர்க்குப் பொதுவானது யாது? வலி ஒன்றே. ஆகவே தீங்கு மருந்திலிருந்து வந்ததோ, மருந்தை நாடச் செய்த வலியிலிருந்தும் அவ்வலியோடு கூடிய கவலை முதலியவற்றிலிருந்தும் வந்ததோ என்னும் வினா எழுந்தது. தாம் முன்னர்க் கண்ட முடிபைத் தாமே மீண்டும் ஐயுற்று ஆராயும் அந்நேர்மை என்னைப் பெரிதும் கவர்ந்தது.

அப்பொழுதுதான் 2015ஆம் ஆண்டுக் கார்த்திகையை நினைவுபடுத்திப் பார்த்தேன். எனக்கு அப்போது வயது ஒன்பது. கடலூர் மாவட்டத்தார் எவரும் அவ்வாண்டு நவம்பர், டிசம்பர்த் திங்கள்களை மறவார். நாள் கணக்கில் மழை, ஏரிகள் உடைந்தன, ஊர்கள் நீரில் நின்றன. எங்கள் வீட்டுச் சுவரில் ஆளுயரத்திற்கு ஈரம் ஏறி, மாசி மாதம் வரை கறுப்புப் பூசணம் படர்ந்திருந்தது. விறகு நனைந்துவிட்டபடியால் அடுப்பு எரியாமற் புகைந்தது. அப்புகையிலேதான் அன்னையார் சமைத்தார். பகலெல்லாம் மண்தூள். மழையால் அகல்கள் உலரவில்லை, கார்த்திகையோ காத்திராது. ஆகவே இரவிலும் வேலை நடந்தது. ஆறாந் திங்கள் வயிற்றோடு குனிந்து சுரண்டிய முதுகு வலிக்காமல் என் செய்யும்? போதாக்குறைக்கு, அன்னையாரின் தந்தைக்கும் இளைப்பு உண்டு. அந்நோய் குடிவழியிலும் தொடர்வது.

ஈரம், பூசணம், புகை, தூள், உறக்கமின்மை, குடிவழி, வலி, வெள்ளை மாத்திரை: இத்தனையும் ஒரே கருவின்மேல் ஒரே காலத்தில் வந்து கூடின. இவற்றுள் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, ‘இதுவே காரணம்’ என்று விரல் நீட்டுதல் எங்ஙனம் இயலும்? ஆயிரக்கணக்கான தாய்மாரை ஒருங்கே நோக்கும் ஆராய்ச்சி, எவ்வழியில் இடர் மிகுதி என்று கூறும். ஒரு தாயைத் தனியே நிறுத்தி அவள்மேல் தீர்ப்புக் கூறாது. மேலும், எங்கள் வழக்கில் அம்மாத்திரை பாரசிட்டமால்தானா என்பதே தெரியவில்லை. வெள்ளை நிறம் பல மாத்திரைகளுக்கு உண்டு.

பொங்கல் விடுமுறையில் வீடு சென்று, அறிந்தவற்றையெல்லாம் அன்னையாரிடம் கூறினேன். எதனையும் மறைக்கவில்லை, பிரிஸ்டல் கணக்கையும் கூறினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்படியானால் நான் கெடுக்கவில்லை என்கிறாயா?”

“கெடுக்கவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, அம்மா. கெடுத்தாய் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.”

சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தமக்குத் தெரிந்த தொழிலின் மொழியிலே பேசினார்.

“சூளையைத் திறந்து பார்க்கும்போது பொம்மை விரிந்திருந்தால், எல்லாரும் சூளைக்காரரைத்தான் திட்டுவார்கள். நெருப்பு அதிகம் என்பார்கள். ஆனால் மண் கலவையில் தப்பு இருக்கலாம். ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் காயாமல் இருந்திருக்கலாம். காயும்போதே உள்ளே கீறல் விழுந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. நெருப்பில்தான் வாய் திறக்கும்.” சற்று நிறுத்தி, “அந்த மழையில் யார் கையால் விரிந்தது என்று எனக்குத் தெரியாது, தம்பி. ஈரத்தோடு அடுக்கச் சொன்னது யார் என்று மட்டும் தெரியும்” என்றார்.

பல நாட்கள் நூலகத்தில் யான் தேடியதை அவர் இரண்டு வாக்கியங்களிற் கூறிவிட்டார். பிறவியிலேயே பார்வையற்றவனைக் கண்ட சீடர்கள் முதலில் தேடியது குற்றவாளியைத்தான். நாமும் அங்ஙனமே செய்கின்றோம். ஒரு குழந்தை நோயுற்றால், தாய் என்ன தின்றாள் என்று வினவுகின்றோம். அவளுக்கு ஏன் வலித்தது, அவ்வலியோடு அவள் ஏன் வேலைக்குச் சென்றாள், மருத்துவரிடம் செல்ல அவளுக்குப் பொழுதிருந்ததா, ஒரு நாள் படுத்திருந்தால் அன்றைய கூலியை யார் கொடுப்பார் என்று வினவுவார் இலர். மாத்திரையின் விலை சில காசுகள். ஓய்வின் விலையோ ஒரு நாட்கூலி. ஏழைத் தாய் எதனை வாங்குவாள் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை.

இங்ஙனம் கூறுவதனால் மாத்திரை தீங்கற்றதென்று யான் வாதிப்பதாக எவரும் கொள்ளற்க. மருத்துவர்கள் இன்று கூறும் முறை தெளிவானது. கருவுற்ற மகளிர்க்கு வலியோ காய்ச்சலோ வந்தால் பாரசிட்டமாலையே அவர்கள் முதலில் தெரிந்தெடுக்கின்றனர். ஆயினும் வேண்டியபோது மட்டும், குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, அவர்களைக் கேட்டே உண்ணல் வேண்டும். ஐபுப்ரோபென், டைக்ளோபெனாக் போன்ற வலிமாத்திரைகள் வேறு இனத்தன. 20 வாரத்திற்குப் பின் அவை குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கிப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் எச்சரித்தது. கடைசித் திங்கள்களில் குழந்தையின் இதயத்தருகேயுள்ள குருதிக்குழாய் ஒன்றைப் பிறக்குமுன்னரே சுருங்கச் செய்யவும் கூடும். குருதியழுத்தம் மிகும் இடருள்ளவர்க்கு மருத்துவரே சிறிய அளவில் ஆஸ்பிரின் கொடுப்பதுண்டு; அதனை அஞ்சி நிறுத்தலாகாது. கத்தரித்துக் கொடுத்த வெள்ளை மாத்திரை இவற்றுள் எவ்வினத்தது என்று அறியாமல் உண்பதே பேரிடர்.

அச்சமும் ஓர் இடரே என்பதனை அடுத்த திங்களிலேயே கண்டேன். என் தமக்கையார் தலைப்பேற்றுக்காக எங்கள் வீட்டிற்கு வந்திருந்தார், ஐந்தாந் திங்கள். ஓர் இரவு அவருக்குக் கடுங்காய்ச்சல். உடல் அனலாய்க் கொதித்தது. யான் வாரக்கடைசிக்கு ஊர் சென்றிருந்தேன். மருத்துவரிடம் செல்வோம் என்றால், “வேண்டாம், மாத்திரைதான் கொடுப்பார்கள். தம்பி படுகிற பாட்டைப் பார்த்த பிறகு நான் எதையும் தின்ன மாட்டேன்” என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கடுங்காய்ச்சலைத் தணிக்காது விடுதல் தாய்க்கும் கருவுக்கும் தீங்காகலாம் என்று யான் படித்ததைச் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை.

அன்னையார் அருகே சென்று அமர்ந்தார். “என்னைப் பார்த்துப் பயப்படுகிறாயா?” என்றார். தமக்கையார் விடை கூறவில்லை. “நான் யாரையும் கேட்காமல் தின்றேன். நீ கேட்டுவிட்டுத் தின்னப் போகிறாய். அதுவும் இதுவும் ஒன்றா? எழுந்திரு” என்றார்.

விடிந்ததும் மூவரும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றோம். மருத்துவ அம்மையார் சோதித்துப் பார்த்துச் சிறுநீரில் நோய்த்தொற்று என்றார். அதற்குரிய மருந்தோடு, காய்ச்சல் தணியப் பாரசிட்டமாலும் எழுதி, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று விளக்கினார். மருந்து வழங்குமிடத்தில் அன்னையார் மாத்திரைகளைக் கையில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். பின்னே வரிசை நீண்டிருந்தது.

“இதன் பெயர் என்னம்மா?” என்று கேட்டார்.

மருந்து கொடுத்தவர் கூறினார். அன்னையார் மற்றொன்றைக் காட்டி, “இது?” என்றார். அதனையும் கூறினார். என் பக்கம் திரும்பி, “எழுதிக்கொள், தம்பி” என்றார். தமக்கையாரின் தாய்சேய் நல அட்டையின் உறையில் இரு பெயர்களையும், நாளையும், வேளையையும் தமிழில் எழுதினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் தணிந்தது.

இளவலின் இளைப்பு நீங்கிவிடவில்லை. இவ்வாண்டும் பனிக்காலத்தில் இருமுறை வந்தது. மருத்துவர் கூறியவாறு இன்ஹேலரைத் தவறாது உறிஞ்சுவதனால் முன்போல் நள்ளிரவில் ஓட வேண்டிய நிலை வரவில்லை. வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசினோம். அடுப்பு எரிவாயுவுக்கு மாறி நெடுநாளாயிற்று. நோயின் முதல் காரணம் யாதென்று எங்களுக்கு இன்றும் தெரியாது. இனியும் தெரியாமற் போகலாம். ஆயினும் இரவில் அவன் முதுகைத் தடவும்போது அன்னையார் முகத்திற் காணும் துயரம் இப்போது தனித்த துயரமாகவே இருக்கிறது. குற்றவாளியின் பார்வை அங்கே இல்லை.

நம் கல்லூரியிற் பயில்வோருள் நாளை மருத்துவராவார் உளர். மருந்துக்கடை வைப்பார் உளர். தொழிற்கூடம் நடத்துவாரும் உளர். அவர்களை வேண்டிக்கொள்வது ஒன்றே. கருவுற்ற கூலிப்பெண் ஒருத்தி உங்கள் முன் வந்து ‘வலிக்கிறது’ என்று நின்றால், மாத்திரையின் பெயரை அவளுக்குச் சொல்லுங்கள்; அதற்கு முன் அவள் வலிக்குக் காரணத்தைக் கேளுங்கள்.